அம்பு ஸ்டிக்கர்

ஞாயிறு ஆராதனை முடிந்து
செருப்பு தேடிக்கொண்டிருந்தேன்.
பாஸ்டர் எலியேசர் அந்தப் புத்தகத்தை
என் கையில் வைத்தார்.
அட்டையில் ஒரு பெண்பிள்ளை,
உள்ளங்கையில் தீ. தீ அவளைச் சுடவில்லை.

"கெத்சியா பையில இருந்துதுங் சிஸ்டர்.
வாலிபர் கூட்டத்துக்கே கொண்டாந்திருக்குது.
நீங்க கம்பெனியில செக்கிங்தானுங்களே?
எங்கெங்க பிசாசு இருக்குதோ
அங்கங்க ஒண்ணு ஒட்டிக் கொண்டாங்க.
புதன்கிழமை உபவாச ஜெபத்துல பேசிக்கலாம்."

கேலியில்லை. அவருக்குக் கேலி வராது.

வேலம்பாளையத்தில் பதினோரு வருசம்
லைட் மேசைமேல் பனியன் விரித்திருக்கிறேன்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்ட கோடு
தானாக வந்து கண்ணில் நிற்கும்.
சிவப்பு அம்பை உரிப்பேன், ஒட்டுவேன்.
மணிக்குத் தொண்ணூறு உருப்படி.
புத்தகம் அப்படி விரியவில்லை.
பத்துப் பக்கத்துக்கே பதினொரு மணி ஆகிவிட்டது.

முதல் அம்பு: அவள் ஒரு சொல் சொல்கிறாள்,
பூட்டு திறக்கிறது.
இரண்டாவது: இன்னொரு சொல். ஆறு வற்றுகிறது.
மூன்றாவதை ஒட்டும்போது கோபம் வந்தது.
பிசாசின்மேல் இல்லை.
எல்லாம் சும்மா கிடைக்கிறதே, அதன்மேல்.

எங்கள் வீட்டில் மந்திரம் சும்மா வரவில்லை.
நான் பழனாத்தாளாக இருந்த காலம்,
சோமனூர்ப் பக்கம், நாலு தறி.
அண்ணனுக்கு ஒரு காலையில் வாய் கோணியது.
பங்காளி வைத்த செய்வினை என்றார்கள்.
எடுக்க வந்தவன்
வாசலில் எலுமிச்சை அறுத்தான்,
கருஞ்சேவல் கேட்டான்,
தான் புதைத்த தகட்டைத் தானே தோண்டி
எங்களுக்குக் காட்டினான்.
அமாவாசைக்கு ஒரு தறி.
நாலு அமாவாசை.
தறிச்சத்தம் நின்ற வீட்டில்
எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.
அப்புறம் யாரோ வந்து முழங்காலிட்டு ஜெபித்தார்கள்.
அண்ணன் வாய் நேராகவில்லை.
ஆனால் அவர்கள் காசு கேட்கவில்லை.
அந்த மாதமே அம்மா தண்ணீரில் இறங்கினாள்,
பின்னாலேயே நானும்.
ஏறும்போது பிரிஸ்கில்லாள்.

பாஸ்டர் வீட்டிலும் இப்படி ஏதோ உண்டு.
சொன்னதில்லை. மந்திரம் என்ற வார்த்தை வந்தால்
அவர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்,
ஓடும் பஸ்சில் கம்பியைப் பிடிப்பதுபோல்.

கொசுவலைக்குள்ளிருந்து கெத்சியா கேட்டாள்:
"ஏம்மா, பேசுன கழுதைக்கும் அம்பு ஒட்டுவீங்களா?"
"தூங்கு கண்ணு."
"பாம்பான கோலுக்கு?"
"தூங்குடி."

செவ்வாய் ராத்திரி, அறுபத்திரண்டாம் பக்கம்.
பூட்டைத் திறந்தவளுக்குப்
பூட்டு என்ற சொல் நாக்கில் இல்லை.
ஆற்றை வற்றவைத்தவள் ஆற்றங்கரையில் நின்று
அது என்ன அது என்ன என்று விரல் நீட்டுகிறாள்.
சொன்னதெல்லாம் போகிறது, ஒன்றுவிடாமல்.
தம்பியைக் காட்டுத்தீயிலிருந்து இழுத்த அன்று
தம்பி பெயர் போனது.
அவன் திரும்பிப் பார்க்க வேண்டும்,
இவள் கூப்பிட வேண்டும்.
வாய் திறந்தபடி நிற்கிறாள்.

எனக்கு அண்ணன் வாய் ஞாபகம் வந்தது.
பால்காரர் மணி அடித்தபோது
கடைசிப் பக்கத்தில் இருந்தேன்.

புதன்கிழமை பாஸ்டர் புரட்டினார்.
அறுபத்தொன்றுவரை அம்புகள்,
ரிஜெக்ட் பீஸ்போலச் சிவந்து கிடந்தன.
அதற்குமேல் வெள்ளை.
"இதுக்கு மேல சுத்தமுங்களா சிஸ்டர்?"
பாஸா ரிஜெக்டா என்று
ஆயிரம் தடவை சொன்ன வாய்தான்.
"பாக்கலைங். படிச்சுப்போட்டனுங்."

யாரோ இருமினார்கள்.
அவர் புத்தகத்தை மூடித் தன் பைக்குள் வைத்தார்.
எரித்ததாகத் தெரியவில்லை.
திருப்பித் தரவுமில்லை, மூன்று வாரமாக.

கெத்சியா தொண்ணூறாம் பக்கத்தோடு நின்றவள்.
இத்தனை நாள் என்னோடு பேசவில்லை.
இன்றைக்கு அடுப்படி நிலையில் சாய்ந்து,
முகத்தை அந்தப்பக்கம் வைத்துக்கொண்டு:
"அவளுக்கு அந்தப் பேரு திரும்பக் கெடைச்சுதா?"

"சோறு வடிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன்.
வடிக்க ஒன்றுமில்லை.
குக்கர்தான் வைத்திருந்தேன்.